மஞ்சள் சீட்டு விசாரணை

புது முறையில் மென்பொருள் செய்யக் கற்றுக்கொடுக்க வந்த பயிற்சியாளருக்கு எங்கள் அரசு அலுவலகத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாது, பாவம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வேலையை நிறுத்திவிட்டு, எது சரியில்லை என்று எல்லோரும் மனம்விட்டுச் சொல்ல வேண்டுமாம். பதினொரு பேருக்கும் ஆளுக்கொரு மஞ்சள் சீட்டைக் கொடுத்து, "பேர் போட வேண்டாங்க. பயப்படாம எழுதுங்க" என்றார்.

பத்துப் பேர் பயந்தே எழுதினார்கள். மின்விசிறி சத்தம் போடுகிறது, கதவு சரியாகச் சாத்தவில்லை, இந்த மாதிரி. சும்மா இருக்கத் தெரியாத நான் மட்டும் உண்மையை எழுதித் தொலைத்தேன்: "பிறப்புப் பதிவு மென்பொருளில் இரட்டைக் குழந்தைகளில் இரண்டாவதைச் சேர்த்தால் முதலாவது அழிந்துவிடுகிறது. திங்கட்கிழமை திறப்பு விழா வேண்டாம்."

சீட்டுகளைச் சுவரில் ஒட்டினார்கள். இயக்குநர் வந்து ஒவ்வொன்றாகப் படித்தார். என்னுடையதற்கு வந்ததும் முகம் சிவந்துவிட்டது.

"பேர் போடாம புகாரா? இது மொட்டைக் கடுதாசி!"

"சார், இது புகார் இல்ல, இந்த முறையே அப்படித்தான்..." என்று பயிற்சியாளர் இழுத்தார். யார் காதில் விழுந்தது?

மொட்டைக் கடிதம் வந்தால் எழுதியவரைக் கண்டுபிடித்தாக வேண்டும். சீட்டுக்குக் கோப்பு எண் கூடப் போட்டாகிவிட்டது. எனக்கோ அந்த வாரம்தான் தகுதிகாண் பருவம் முடிகிறது. வேலையை நிரந்தரமாக்கும் ஆணை இயக்குநரின் மேசையில் கையெழுத்துக்குக் கிடந்தது. வீட்டில் சொன்னதும் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "நீயும் ஃபேன் சத்தம் போடுதுன்னு எழுதிட்டு வந்திருக்கக் கூடாதாடி?"

மறுநாள் கண்காணிப்பாளர் வெள்ளைத்தாள்களோடு வந்தார். எழுத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். சீட்டிலுள்ளதை ஒவ்வொருவரும் அப்படியே எழுதி, கீழே பெயரும் தேதியும் போட வேண்டும். நான் என் வழக்கமான எழுத்தை மாற்றி, இடப்பக்கமாகச் சாய்த்து எழுதினேன். நிமிர்ந்து பார்த்தால், பழி தன் தலையில் விழுந்துவிடுமோ என்று பயிற்சியாளர் உட்பட எல்லோருமே கோணல்மாணலாகக் கிறுக்கிக்கொண்டிருந்தார்கள். தனக்கு ஒரு நியாயம், மற்றவர்களுக்கு ஒரு நியாயமா என்று யாரும் கேட்டுவிடக் கூடாதென்று இயக்குநரும் ஒரு தாளை வாங்கி எழுதி, முத்திரை வேறு குத்தினார்.

எந்த எழுத்தும் சீட்டோடு ஒத்துப்போகவில்லை. "மேல அனுப்பிடலாங்க சார். அவங்களே முடிவு பண்ணட்டும்" என்றார் கண்காணிப்பாளர். தாள்களையெல்லாம் கோத்து, கோப்பு துறைச் செயலாளருக்குப் போனது.

வெள்ளிக்கிழமை திரும்பி வந்தது. விசாரணை என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த முதல் பக்கத்தைச் செயலாளர் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை போலிருக்கிறது. கடைசியில் பச்சை மையில் எழுதியிருந்தார்: "இயக்குநர் உட்பட அனைவரும் எழுத்துமூலம் எச்சரித்துள்ளனர். திறப்பு விழா ஒத்திவைக்கப்படுகிறது. இயக்குநரின் நேர்மை பாராட்டுக்குரியது."

சற்று நேரத்தில் இயக்குநர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். போச்சு, கண்டுபிடித்துவிட்டார் என்றே நினைத்தேன். அவரோ என் ஆணையில் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"அந்த இரட்டைக் குழந்தைக் கோளாறை நீயே சரி பண்ணிடும்மா" என்றார். "நானும் எத்தனை நாளா தலைபாடா அடிச்சுக்கிறேன், இங்க எவன் கேட்டான்?"