பிழை மணி

1979 மார்ச் 12, திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்குக் கம்பெனியின் இரண்டாவது மாடியில் மணி அடித்தது.

அடித்தவள் மணிக்காரி. மூன்று மாதத்தில் இது ஏழாவது முறை. அந்தப் பெயரும் அப்படித்தான் வந்தது. கம்பெனி தொடங்கிய வாரம் முதலாளியான பெரியவர் தன் கையாலேயே மாட்டிய பித்தளை மணி அது. தன் வேலையில் தப்பைக் கண்டுபிடிப்பவர் தானே போய் அடிக்க வேண்டும். மற்றவர்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து கேட்க வேண்டும், முடிவில் கை தட்ட வேண்டும். திட்டு கிடையாது. மேஜைமேல் வைக்கிற அளவுக்குக் கம்ப்யூட்டரை இங்கே அதிகம் பேர் செய்து பார்க்காத காலத்தில் தப்புப் பண்ணாமல் எப்படிச் செய்வது என்பார் பெரியவர்.

"எர்த் வயரை மாத்திக் குடுத்துட்டேன். மூணு சிப்பு கருகிடுச்சு. வாசனை என்னவோ நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் மணிக்காரி.

பெரியவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

கடைசி வரிசையில் நின்று கை தட்டினாள் அச்சு. மெமரி போர்டுக்கு வரைபடம் போடுபவள். கோடுகள் அச்சடித்த மாதிரி இருக்கும். ஒன்பது வருடத்தில் அந்த மணிக் கயிற்றை அவள் தொட்டதேயில்லை. முன்பு அது பெருமையாக இருந்தது. இப்போது வயிறு எரிந்தது. வெள்ளிக்கிழமை புது மெஷினுக்குக் குழுத்தலைவர் யாரென்று அறிவிக்கப் போகிறார்கள். போன வாரம் படிக்கட்டில் பெரியவர் அவளிடம், "உன்னைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியலம்மா. நீ தடுக்கி விழுந்து நான் பார்த்ததே இல்ல" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போயிருந்தார்.

"தப்பே பண்ணலன்னு அழுற ஒரே ஆளு நீதான்" என்றான் கணவன், அன்று இரவு வீட்டில் சட்டைக்கு இஸ்திரி போட்டபடி. "வேணும்னா என்கிட்ட வாங்கிக்கோ. நிறைய இருக்கு."

"அவ சிப்பைக் கருக்கினா ராணி. நான் நாலாயிரம் கோடு நேரா போட்டா, நான் வெறும் ஸ்கேலு."

புதன்கிழமை அவள் ஒரு தப்புப் பண்ணினாள். எங்கே பண்ணுவது என்று யோசிக்கவே பாதி நாள் போயிற்று. யாருக்கும் நஷ்டம் வரக்கூடாது; ஆனால் சொல்லும்படி இருக்க வேண்டும். வரைபடத்தில் ஏழாம் எண் வயரையும் எட்டாம் எண் வயரையும் இடம் மாற்றினாள். கோடு கோணலாக விழுந்ததால் இரண்டு முறை அழித்துத் திருத்தமாகப் போட்டாள்.

வியாழன் மதியம், கழிவறைக் கண்ணாடி முன் சொல்லிப் பார்த்த வாக்கியங்களோடு போய் மணியின் கயிற்றைப் பிடித்தாள். கயிறு நினைத்ததைவிட மெத்தென்று இருந்தது. பல கைகள் பிடித்துக் கறுத்திருந்தது. இடது கையால் வரைபடத்தைப் பிரித்தாள். ஏழும் எட்டும் சரியான இடத்தில் இருந்தன. பென்சில் கோடு. அவளுடையது அல்ல.

"நான்தான் அக்கா." மணிக்காரி பின்னால் நின்றாள். "காலைல உங்க டிராயிங்கை எடுத்துட்டுப் போனேன்ல? ரெண்டு வயர் மாறிக் கிடந்துச்சு. திருத்திட்டேன். யார்கிட்டயும் மூச்சு விடல."

"ஏன்? என்கிட்ட சொல்லியிருந்தா நானே அடிச்சிருப்பேன்ல?"

"வேண்டாம்க்கா." அவள் குரலைத் தாழ்த்தினாள். "உங்க டிராயிங்கைப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். இப்படி ஒரு கோடு என் ஜென்மத்துல வராதுன்னு. அதுலயும் தப்பு இருக்குன்னா, அப்புறம் நான் யாரைப் பார்த்துப் பொறாமைப்படுறது?"

சிரித்துவிட்டு அவள் தன் மேஜைக்குப் போனாள்.

கயிறு இன்னும் அச்சுவின் கையில் இருந்தது. இப்போது அடித்தால் சொல்வதற்கு நிஜமாகவே ஒரு தப்பு இருந்தது. கண்ணாடி முன் சொல்லிப் பார்த்த எதுவும் அதற்குப் பொருந்தவில்லை. எதிர் மேஜைக்காரர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். அவள் கயிற்றை ஆடாமல் விட்டாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். குழுத்தலைவர், மணிக்காரி. வரைபடங்களைச் சரிபார்ப்பவர், அச்சு. அந்த வாரம் மணி ஒரே ஒரு முறைதான் அடித்திருந்தது.