பூங்கோதையின் டால்டா டின்

எழுபத்தேழாம் வருஷ மழையில் டில்லியின் நாலா, அந்தப் பெரிய சாக்கடைக் கால்வாய், பொங்கித் தமிழர்களின் குடிசைகள் இருந்த மதராசி கேம்புக்குள் புகுந்தபோது, பூங்கோதை கைக்குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு மகளை இழுத்துக்கொண்டு ஓடினாள். வேறெதையும் எடுக்கத் தோன்றவில்லை. ரேஷன் கார்டு தண்ணீரோடு போயிற்று. புதுசு வாங்க ஏழு மாதம் அலைந்தாள். ஓடுகிற வழியில் எட்டு வயது சாந்தகுமாரி துருப்பிடித்த தகரத்தை மிதித்துவிட, கைக்குக் கிடைத்த அழுக்குத் துணியைச் சுற்றினார்கள். கால் வீங்கிச் சீழ் வைத்து, ஒன்றரை மாதம் நொண்டினாள் பெண்.

அதனால் எழுபத்தெட்டில் ஜூன் வெயில் கொளுத்தும்போதே பூங்கோதை ஆரம்பித்துவிட்டாள். பக்கத்துப் பேட்டையான போகலில் ஒரு டாக்டரம்மா வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு தனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டாள்: “டாக்டர்ஜி, ரத்தம் கொட்டினா முதல்ல என்ன செய்யணும்? குழந்தைக்கு வயித்தாலே போனா?”

டாக்டரம்மா சொன்னதை எழுதிக்கொள்ள அவளுக்கு எழுத்து தெரியாது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடந்தாள்.

மிட்டாய்க் கடையில் ஒரு பெரிய டால்டா டின் கேட்டு வாங்கி, இறுக்கமான மூடி போட்டுக்கொண்டாள். பழைய வெள்ளை வேட்டி ஒன்றைக் கொதிக்க வைத்துக் காயவைத்து, நான்காய்க் கிழித்து, பிளாஸ்டிக் பையில் கட்டினாள். பஞ்சு, டெட்டால், சோப்பு, உப்பும் சர்க்கரையும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு அளந்த பொட்டலங்கள், தீப்பெட்டி, மெழுகுவத்தி, வறுத்த கடலை, வெல்லம், டார்ச், ரேஷன் கார்டு. காய்ச்சி ஆறிய தண்ணீர் இரண்டு பாட்டிலில், வாரம் ஒருமுறை மாற்றி.

புருஷன் கலியன் சிரித்தான். “என்னா, யுத்தத்துக்குப் போறியா?”

ஒருநாள் டார்ச்சைத் தட்டிப் பார்த்தாள். எரியவில்லை. உள்ளே செல் இல்லை. கலியனின் டிரான்சிஸ்டர் மட்டும் நன்றாகப் பாடிக்கொண்டிருந்தது. நடுப்பாட்டில் டிரான்சிஸ்டரின் முதுகைத் திறந்து இரண்டு செல்லையும் உருவினாள்.

“ஏய், பாட்டு!”

“பாட்டு உன் புள்ளைய தூக்கிட்டு ஓடாது.”

அதற்கப்புறம் அவன் டின்னைத் தொடவில்லை.

செப்டம்பரில் யமுனை ஏறியது. அன்று மழைகூட இல்லை. காலை பத்து மணி வாக்கில் நாலாவில் தண்ணீர் ஆற்றிலிருந்து எதிர்ப்பக்கமாக, கேம்பை நோக்கி வந்தது. பூங்கோதை டின்னைத் தலையில் ஏற்றினாள். கலியன் பிள்ளைகளை எடுத்தான். கால்மணி நேரத்தில் நால்வரும் ரயில்பாதை மேட்டில் இருந்தார்கள்.

பக்கத்துக் குடிசை ஏகாம்பரம் மட்டும் இறங்கி வரவில்லை. கூரைமேல் ஏறித் தகரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். “தகரம் போனா மறுபடி யாரு தருவா?” என்று கத்தினான். ஒரு தகடு நழுவி அவன் முன்கையைக் கிழித்துக்கொண்டு விழுந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி இரண்டு பேர் அவனை மேட்டுக்கு இழுத்து வந்தபோது சட்டை முழுக்க ரத்தம். அவன் பெண்டாட்டி ருக்மிணி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

“காப்பித்தூள் வையுங்க!” என்றது ஒரு குரல். “மண்ணை அப்பு!” என்றது இன்னொன்று.

“யாரும் கை வைக்காதீங்க,” என்றாள் பூங்கோதை. அவள் குரல் அவளுக்கே புதுசாக இருந்தது.

சோப்புப் போட்டுக் கை கழுவினாள். வேட்டித் துண்டை மடித்துக் காயத்தின்மேல் வைத்து, முழு பலத்தோடு அழுத்தினாள். “இந்தாய்யா, அண்ணன் கையை மேல தூக்கிப் பிடி.” கலியன் பிடித்தான்.

துணி சிவந்து ஊறியது. எடுத்துப் பார்க்கலாமா என்று விரல் துடித்தது. எடுக்கக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதன்மேலேயே இரண்டாவது துண்டை வைத்தாள். அப்புறம் மூன்றாவது. தன் பிள்ளைகளுக்கென்று கொதிக்க வைத்த துணி. ஒன்றுதான் பாக்கி. அழுத்திய கையை எடுக்கவில்லை. நேரம் பார்க்கக் கடிகாரம் இல்லை. பக்கத்துத் தண்டவாளத்தில் மூன்று ரயில்கள் போயின. மூன்றாவது துண்டில் சிவப்பு பரவாமல் நின்றுவிட்டது.

கடைசித் துண்டைப் பல்லால் கிழித்துப் பட்டையாக்கி இறுக்காமல் கட்டினாள். “இப்ப ஆஸ்பத்திரி. ஜல்தி. ஊசியும் கேட்டுப் போட்டுக்க அண்ணே, துருத் தகரம்.”

பதினான்கு தையல் போட்டார்கள். ஏகாம்பரம் பிழைத்தான், சுண்டுவிரல் மட்டும் அதன்பிறகு முழுசாக மடங்கவேயில்லை. மேட்டில் ஐந்து நாள் கிடந்தார்கள். இரண்டாம் நாள் பூங்கோதையின் சின்னவனுக்கு வயிற்றுப்போக்கு. மடக்கு மடக்காக உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு மடியிலிருந்து இறக்காமல் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் சாயங்காலம் அவன் கடலை கேட்டு அழுதான். அந்த அழுகையைக் கேட்டுத்தான் அவளுக்கு முதன்முதலாகக் கண் கலங்கியது.

அடுத்த வருஷம் ஜூனில் கேம்பில் அவர்கள் சந்தில் பதினொரு வீட்டில் டின் இருந்தது. பூங்கோதை வீடுவீடாகப் போய்த் திறந்து பார்த்தாள். ருக்மிணியின் டின்னில் பழைய பாவாடையும் உடைந்த சீப்பும் கிடந்தன. அப்படியே தரையில் கொட்டினாள்.

“அக்கா!” என்றாள் ருக்மிணி.

“மறுபடி அடுக்கு. நாளைக்கு வந்து பாப்பேன்,” என்று சொல்லிவிட்டு, பூங்கோதை அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.