பதினான்கு நாள் முட்டை

கோழி எச்சத்தில் அது நெளிந்ததை முதலில் பார்த்தது குட்டிதான்.

"பெரியம்மா, இங்க வாங்க! நொண்டியம்மா கோழி நூல் போட்டிருக்கு!"

தையல்காரிக்கு நூலைத் தெரியாதா? குனிந்து பார்த்தாள். வெள்ளையாக, விரல் நீளத்துக்கு, உயிரோடு இருந்தது. தங்கை மகளைத் தரதரவென்று குழாயடிக்கு இழுத்துப்போய் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டாள். ஐந்து கோழிகளும் ஒரு மாதமாகக் கொண்டை வெளுத்து, தீனி தின்றும் நெஞ்செலும்பு துருத்திக்கொண்டு திரிந்தது ஏனென்று அப்போதுதான் உறைத்தது. தினமும் கண்ணெதிரே இருந்ததை ஆறு வயதுப் பிள்ளை வந்து காட்ட வேண்டியிருக்கிறதே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அம்மா போன பிறகு அந்த வீட்டின் நடுவில் சுவர் எழுந்தது. முன்பக்கம் தங்கைக்கு, பின்பக்கமும் கொல்லையும் இவளுக்கு. கொல்லை தன் பாகத்தில் வரவில்லை என்று தங்கைக்கு இன்றைக்கும் ஆறாத குறை. சுவரில் ஒரு கதவு உண்டு. தாழ்ப்பாள் தங்கை பக்கம். காலை ஏழரைக்கு அது திறக்கும். குட்டி ஓடி வந்து கூட்டுக்குள் கையை விட்டு இரண்டு மூன்று முட்டை எடுப்பாள். எது எந்தக் கோழி போட்டது என்று பெரியம்மாவோடு ஒரு சண்டை பிடிப்பாள். பிறகு போய்விடுவாள். கல்யாணம் காட்சி எதுவும் இல்லாத தையல்காரிக்கு அந்தப் பத்து நிமிஷம்தான் சொத்து. முட்டை வாசனையே அவளுக்கு ஆகாது. அவள் கோழி வளர்த்ததே அந்தக் கதவு திறப்பதற்காக.

கால்நடை டாக்டர் எச்சத்தைப் பார்த்துவிட்டுக் குடற்புழுவுக்கு மருந்து எழுதினார்.

"ஒரே வேளைதான். ஆனா ஒவ்வொரு கோழியையும் எடை போட்டுக் குடுங்க. தண்ணியில கலந்து வெச்சா பலசாலி எல்லாத்தையும் குடிச்சிரும், நோஞ்சான் வேடிக்கை பார்த்துட்டு நிக்கும்."

"முட்டை?"

"பதினாலு நாள் யாரும் தொடக்கூடாது. நீங்களும்தான்."

"நான் முட்டை சாப்பிடறதில்லீங்க."

"அப்புறம் எதுக்குங்க கோழி?" டாக்டர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் கோழிகளை ஒவ்வொன்றாகத் துணிப்பையில் போட்டு, கொக்கித் தராசில் தொங்கவிட்டு, துணியில் கோடு போடும் சாக்குக்கட்டியால் எடையைச் சுவரில் எழுதினாள். மருந்தளவை மூன்று முறை கணக்குப் போட்டாள். ஊசியில்லாத சிரிஞ்சை அலகோரத்தில் வைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டாள். அவசரப்பட்டால் மூச்சுக்குழலில் போய்விடும். பிறகு கூட்டின் தரையைச் சுரண்டி, எச்சத்தை எரித்து, சுண்ணாம்பு தூவினாள். எல்லாம் முடிந்து கதவைத் தட்டித் தங்கையிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"பதினாலு நாளா? அதுங்க ஜம்முனுதானே திரியுதுங்க?"

"மருந்து முட்டையில இறங்கும்டி. குழந்தைக்கு ஆகாது. மண்ணுல புதைச்சிடணும்."

"அளந்து அளந்து வெட்டற கை. முட்டையையும் அளந்துதான் குடுக்கும்."

"கடையில வாங்கித் தரேன். அதுவரைக்கும்..."

"நல்லா இருக்கே! வீட்டு முட்டை மண்ணுக்கு, எங்களுக்குக் கடைச்சரக்கா?"

அவள் வாங்கி வைத்த கடை முட்டைகள் கதவோரம் இரண்டு நாள் கிடந்தன. யாரும் எடுக்கவில்லை.

தையல் கடையிலிருந்து வந்ததும் மாலையில் முட்டைகளைச் சேகரித்து, ஒவ்வொன்றிலும் பென்சிலால் நாள் எண்ணை எழுதி, கொல்லை மூலையில் குழி வெட்டிப் புதைத்தாள். தங்கையின் சமையலறை ஜன்னல் அந்த மூலையைத்தான் பார்த்திருந்தது. ஒவ்வொரு நாளும் மண்ணைத் தள்ளும்போது ஜன்னலில் ஒரு பாத்திரம் ணங்கென்று விழும்.

நான்காம் நாளிலிருந்து வழக்கமான மூன்று முட்டைக்கு இரண்டுதான் கிடைத்தது. சில நாள் ஒன்று. மருந்தளவில் தவறிவிட்டோமோ என்று சுவரில் இருந்த எடைகளை வைத்துத் திரும்பக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். டாக்டருக்கு போன் போட்டாள். "அந்த மருந்துக்கு முட்டை குறையாதும்மா" என்றார் அவர். அப்படியானால் தீனியா? வெயிலா? தன் கைராசியா? பத்தாம் நாள் குப்பை போடத் தெருவுக்குப் போனபோது தங்கை வாசலின் ரோஜாத்தொட்டியில் முட்டை ஓடுகள் நொறுங்கிக் கிடந்தன. கடை முட்டை வெள்ளை. இவை இளங்காப்பி நிறம்.

"கூட்டிலேர்ந்து எடுத்தியாடி?"

"எடுத்தேன். என்ன இப்ப? நீ வேலைக்குப் போனப்புறம் தினம் ஒண்ணு. மண்ணு திங்கலாம், என் பொண்ணு திங்கக்கூடாதா? பாரு, கல்லுக்குண்டாட்டம் இருக்கா. உன் டாக்டர்கிட்ட போய்ச் சொல்லு."

கல்லுக்குண்டாட்டம் இருந்தவள் பன்னிரண்டாம் நாள் வாந்தி எடுத்தாள். வகுப்புத் தோழியின் பிறந்தநாளில் கிரீம் கேக் மூன்று துண்டு தின்றதாகக் குட்டியே ஒப்புக்கொண்டாள். ஆஸ்பத்திரி டாக்டரும் கண்டதைத் தின்றதால் வந்தது என்று ஒரு பாட்டில் மருந்து கொடுத்து அனுப்பினார். ஆனால் தங்கை ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கொல்லைப்பக்கம் வந்தாள்.

"விஷத்தைக் கோழிக்குக் குடுத்துட்டுக் கூட்டைத் திறந்து போட்டுட்டுப் போயிருக்கே!"

"நான் வேண்டாம்னு சொன்னேனே... நீதானே எடுத்தே..."

"ஒரு பூட்டுப் போட என்ன கேடு உனக்கு? எடை போடத் தெரிஞ்சுது, நம்பர் எழுதத் தெரிஞ்சுது. பூட்டு மட்டும் தெரியலையா? குழந்தை பெத்திருந்தா தோணியிருக்கும்."

தங்கையின் நியாயம் எப்பேர்ப்பட்ட நியாயம் என்று தையல்காரிக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பூட்டு? மேஜை டிராயரில் ஒரு பூட்டு சாவியோடு கிடந்தது. அதை ஏன் போடவில்லை? அன்றைக்குக் கடையில் இரண்டு சட்டைக்குக் கையைத் தவறாக வெட்டினாள்.

பதினைந்தாம் நாள் காலை கூட்டில் இரண்டு முட்டை இருந்தது. கோழிகளின் கொண்டை நன்றாகச் சிவந்திருந்தது. ஏழரை ஆனது. கதவு திறக்கவில்லை. தட்டினாள். உள்ளே சின்னக் கால்கள் தடதடவென்று ஓடி வந்தன. கூடவே பெரிய கால்கள் வந்தன. தாழ்ப்பாள் அசையவில்லை.

"பதினாலு நாள் முடிஞ்சிடுச்சு. இது நல்ல முட்டைடி," என்று கதவிடம் சொன்னாள்.

தன் சமையலறைக்குப் போய் ஒரு முட்டையை வேகவைத்தாள். உரித்து எடுத்துக்கொண்டு கொல்லைக்கு வந்து, சமையலறை ஜன்னலுக்கு நேராக நின்றாள். தங்கையின் முகம் தெரிந்தது. வாயில் வைத்துக் கடித்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பாருடி," என்று தங்கை உள்பக்கம் திரும்பிச் சொன்னது நன்றாகவே கேட்டது. "நமக்குக் குடுக்க மனசில்லாம மண்ணுல போட்டவ. இப்ப நம்ம கண்ணு முன்னாடியே நின்னு திங்கறா."

"பெரியம்மா முட்டை சாப்பிடமாட்டாங்களேம்மா," என்றாள் குட்டி.

ஜன்னல் சாத்திக்கொண்டது.

பாதி முட்டை இன்னும் கையில் இருந்தது. பார்க்க ஆளில்லை. இருந்தும் அதையும் வாயில் போட்டு மென்றாள். மென்றுகொண்டே, மருந்து கொடுத்த நாளையும் சேர்த்து எண்ணினோமா, விட்டுவிட்டு எண்ணினோமா என்று முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.