மூதூருக்குப் படகில் போன நாள்

என் கணவர் வீட்டில் அதிகம் பேசமாட்டார். அது கோபமல்ல, மனக்குறையுமல்ல. சோறு கேட்பார், தேநீர் கேட்பார், மின்விசிறியை நிறுத்தச் சொல்வார். அவருடைய நாள் அதோடு முடிந்துவிடும். கலீலுர் றஹ்மான் எங்கள் கிண்ணியா வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த புதிதில் அதைக் கூச்சம் என்று நினைத்தேன். பிறகு சுபாவம் என்று நினைத்துப் பழகிக்கொண்டேன். மகள் கொழும்புக்குப் படிக்கப் போன பின் வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான். அந்த அமைதியிலும் எனக்குப் பெரிய குறை இருக்கவில்லை.

போன வருடம் ஒரு கல்யாண வீட்டில், அவரோடு கடலுக்குப் போகும் முஹம்மது தம்பி என்னிடம் வந்தான்.

“மச்சி, உங்கட மனிசன்ட வாய வீட்டுல எப்பிடித்தான் தாங்குறீங்க? போட்டுல ஏறினாருண்டா மூடமாட்டார். எங்கட காதெல்லாம் புண்ணு.”

“யாரச் சொல்லுறீங்க?” என்று கேட்டேன்.

“வேற யாரு, உங்கட ஆளத்தான். மீனோட கதைப்பார், மெசினோட கதைப்பார், காத்துக்கு ஏசுவார். பாட்டும் இரிக்கி.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் நான் பிறந்து வளர்ந்த வீட்டிலேயே எனக்குத் தெரியாத ஓர் அறை இருக்கிறது என்று யாரோ வந்து சொன்னதுபோல இருந்தது. எனக்குத் தராத பேச்சை இந்த மனிதர் தினமும் கடலில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருகிறாரா? பொறாமையா அது என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். கொஞ்சம் பொறாமைதான். மிச்சம் ஆசை. அந்த ஆளை ஒரு தடவை பார்க்க வேண்டும்.

படகின் மூக்கில் ‘றுக்கியா’ என்று என் பெயர்தான் எழுதியிருக்கிறது. ஆனாலும் நான் அதில் ஏறியதில்லை. அதற்குக் காரணம் மூதூரில் இருக்கும் என் மதினி நஜ்முன் நிஸா, இவர் ‘ராத்தா’ என்று கூப்பிடும் அக்கா. பெண் கால் வைத்த படகுக்கு மீன் கிடைக்காது என்பது அவருடைய தீர்ப்பு. தன் தம்பியான இவருடைய முதல் படகு வந்த நாளில் சொன்னது. இவரும் அதை மறுத்துப் பேசியதில்லை. நான் கேட்காமல் இருந்ததால் மறுக்க வேண்டிய தேவையும் வரவில்லை.

இந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் மூதூரில் மதினி வீட்டில் பகல் சாப்பாடு. வழக்கம்போல வாடகைக்கு வான் பேசட்டுமா என்று இவர் கேட்டார். “போட்டுல போவமா?” என்றேன். அவர் தாடியைச் சொறிந்தார். கடலைப் பார்த்தார். “விடிய வெளிக்கிடணும். கச்சான் காத்து எழும்ப முன்ன போய்ச் சேரணும்” என்றார். அவ்வளவுதான். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. கல்யாணத்துக்குக்கூட அப்படி அடித்ததாக ஞாபகமில்லை.

படகில் எனக்கு ஒரு வேலை உண்டு. அது கரையில். படகைத் தரைக்கு இழுத்ததும், உள்ளே நிற்கும் தண்ணீர் வடிவதற்காகப் பின்பக்கத் துளையின் அடைப்பானைக் கழற்றிவிடுவார்கள். ஒருமுறை தெருப் பிள்ளைகள் அதை எடுத்து விளையாடித் தொலைத்தார்கள். அன்றிலிருந்து அது எங்கள் குசினியில், உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் இருக்கும். சுபஹுத் தொழுகை முடிந்து அவர் வாசலில் செருப்பு மாட்டும்போது தேநீர்ப் போத்தலையும் அடைப்பானையும் நான் கையில் கொடுப்பேன். அவர் கேட்பதில்லை, நான் சொல்வதுமில்லை.

அன்று வாசலில் நான் கொடுக்கவில்லை, ஏனென்றால் நானும் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தேன். புது அபாயா, கையில் மதினிக்காகத் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துச் செய்த வட்டிலப்பச் சட்டி, அதன் வாயைக் கட்டிய வெள்ளைத் துணி. கதவைப் பூட்டித் திறப்பைப் பைக்குள் போட்டேன். ஏதோ ஒன்று மறந்த மாதிரி இருந்தது. சந்தோசத்தில் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கரையில் நின்ற இரண்டு பேர் படகைத் தள்ளிவிட்டார்கள். இயந்திரம் பிடித்ததும் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. நான் சட்டியை மடியில் வைத்துப் பலகையை இறுக்கிப் பிடித்தேன். வடக்கே கோணமலை நீலமாகத் தெரிந்தது. ஒரு பெரிய கப்பல் துறைமுகத்துக்குள் போக முறை பார்த்து நின்றது.

“ரெண்டு நாளா நிக்கிறான் உவன்” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. “சோம்பேறி. பாரு, நங்கூரத்தப் போட்டுட்டுப் படுக்கிறான்.”

திரும்பிப் பார்த்தேன். அவர் கப்பலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு இயந்திரத்தின் தலையில் தட்டி, “நீ இருமாம வா மகள், ஒனக்குத்தான் புது எண்ணெய் ஊத்தினன்” என்றார். பிறகு எனக்குச் சொன்னார். ஆம், எனக்குத்தான். இந்த இடத்தில் கீழே பாறை இருக்கிறது, இங்கேதான் கொடுவா மீன் கிடைக்கும். அதோ அந்தப் பறவைகள் பொய்க்காரப் பறவைகள், மீன் இல்லாத இடத்திலும் சும்மா சுற்றும். அந்தப் பக்கம் ஒருநாள் திருக்கை ஒன்று முஹம்மது தம்பியின் இடுப்புச் சாரத்தை இழுத்துப்போக அவன் வலையைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்தான். நான் வயிற்றைப் பிடித்துச் சிரித்தேன். இவ்வளவு நாளும் இதெல்லாம் எங்கே இருந்தது? மனதுக்குள் மெல்லிய ஒரு வலியும் இருந்தது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தேன்.

நாங்கள் கங்கை என்று சொல்லும் ஆறு கடலில் விழும் இடத்துக்கு முன்னால் அவர் இயந்திரத்தை நிறுத்தினார்.

“இஞ்ச பாரு. ஆத்துத் தண்ணி ஒரு நிறம், கடல் ஒரு நிறம். கோடு கிழிச்ச மாதிரி. சேராம நிக்கிது என்ன? கொஞ்சம் பொறு, வெயில் ஏறட்டும், அப்ப பாரு வடிவ.”

பார்த்தேன். மண்ணிறமும் பச்சையும் உரசிக்கொண்டு நின்றன. அவர் மழைக்காலத்தில் அந்தக் கோடு எவ்வளவு தூரம் தள்ளிப் போகும் என்று சொல்லத் தொடங்கினார். அப்போது என் காலில் ஈரம் பட்டது. தெறித்த தண்ணீர் என்று நினைத்தேன். அவர் கங்கையில் மிதந்து வந்த ஒரு முழுப் பனைமரத்தைப் பற்றிச் சொன்னார். தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. படகென்றால் இப்படித்தான் போல. சொன்னால் பேச்சு நின்றுவிடுமே என்ற பயம்தான் எனக்கு. அந்தப் பனைமரக் கதை முடியட்டும் என்று காலைத் தூக்கிப் பலகையில் வைத்துக்கொண்டேன்.

அவர் கண் கீழே போனது.

“தண்ணி!”

“ஓம், கொஞ்ச நேரமா வருது.”

“கொஞ்ச நேரமாவா? என்னத்துக்குப் புள்ள சொல்லல்ல?” பின்பக்கம் குனிந்து கையை விட்டுத் தடவினார். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது. “அடைப்பான் எங்க?”

நான் வாயைத் திறந்தேன். உப்புப் போத்தல் கண்ணுக்கு முன்னால் வந்தது.

“குசினில.”

“குசினிலயா?”

“நீங்க கேக்கல்லயே!”

“எண்டைக்கு நான் கேட்டிரிக்கன்? நீ தாறதுதானே!”

வேகமாகப் போகும்வரை தண்ணீர் ஏறவில்லை, நின்றதும் ஏறிவிட்டது. அவர் துளையில் விரலை வைத்து அடைத்துக்கொண்டு துணி கேட்டார். எடுக்கத் துணி என்று இருந்தது சட்டியின் வாயில் கட்டியதுதான். அவிழ்த்துக் கொடுத்தேன். அதை ஒரு பொலித்தீன் பைக்குள் வைத்து முறுக்கித் துளையில் திணித்தார். நான் வாளியால் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினேன். அப்போதுதான் அவர் சொன்னார், என்னைப் பார்க்காமல், மெதுவாக:

“ராத்தா சொன்னதக் கேட்டிரிக்கணும்.”

வாளி என் கையில் ஒரு கணம் நின்றது. தண்ணீரைப் பார்த்து வராத பயம் அப்போது வந்தது. இனி இந்த மனிதர் என்னைப் படகில் ஏற்றமாட்டார். இன்று காலை கேட்ட குரலை நான் திரும்பக் கேட்கப்போவதில்லை. எனக்குப் போதாதே இது, இப்போதுதானே தொடங்கியது என்று மனம் குழந்தை மாதிரி அடம்பிடித்தது.

ஆற்று வாயில் ஒரு மணல் திட்டு உண்டு. படகை அதில் ஏற்றித் தண்ணீரை வடித்தோம். அதற்குள் கச்சான் எழும்பிவிட்டது. சூடான காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்துத் தள்ளியது.

“இந்தத் துணிய நம்பி இந்தக் காத்துல ஏலாது. பின்நேரம் காத்து விழும், அதுக்குப் பிறகுதான்” என்றார். “உன்ன அந்தக் கரையில விடுறன். நடந்தா ரோட்டு. ஓட்டோ பிடிச்சாப் பகல் சாப்பாட்டுக்குப் போயிருவாய்.”

“நீங்க?”

“போட்ட விட்டுட்டு வரமாட்டன்.”

நான் ஓட்டோவில் போயிருக்கலாம். மதினியின் கோழிக்கறி, நெய்ச்சோறு, சாய்ந்திருக்கக் கதிரை, நிழல். போயிருந்தால் நடந்தது ஒரு விபத்து என்று முடிந்திருக்கும். எல்லோரும் பேசி, தலையாட்டி, மறந்திருப்பார்கள். ஆனால் இந்தப் படகிலிருந்து நானாக இறங்கிப் போனால் திரும்ப ஏறக் கேட்பதற்கு எனக்கு வாய் வராது. அது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

“நானும் நிக்கிறன்” என்றேன்.

“வெயில் புள்ள.”

“தெரியும்.”

 அவர் துடுப்பை நட்டுத் தார்ப்பாயைக் கட்டி நிழல் போட்டார். இருவரும் உட்கார்ந்தோம். வீட்டிலிருக்கும் அதே அமைதி வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டது. வட்டிலப்பத்தைப் பார்த்தேன். துணி போனதால் மேலே உப்புத் தண்ணீர் பட்டுப் பளபளத்தது. இனி யாருக்கும் கொடுக்க முடியாது. விரலால் மேல்பக்கத்தை வழித்து எறிந்துவிட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து அவரிடம் நீட்டினேன். தின்றார்.

“எப்பிடி இரிக்கி?”

“கடல்ல செஞ்ச மாதிரி இரிக்கி.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது, ஆனால் அடக்கிக்கொண்டார். அந்த நேரம் தொலைபேசி அடித்தது. மதினி. கை முழுக்க வட்டிலப்பம் என்பதால் அவர் ஒலியைக் கூட்டி மணலில் வைத்தார்.

“எங்கடா நிக்கிறீங்க? சோறு ஆறுது!”

“ஆத்து வாய்ல ராத்தா. போட்டுல தண்ணி ஏறிட்டுது.”

“யா அல்லாஹ்! அவளும் போட்டுலயா வந்த?”

நான் மணலைப் பார்த்தேன். இப்போது சொல்லப்போகிறார். அடைப்பான் குசினியில் கிடக்கிறது, எடுத்துத் தருவது அவள் வேலை என்று. சொன்னாலும் அதில் பொய் இல்லை.

“ஓம், றுக்கியாவும்தான்” என்றார். விரலில் ஒட்டியிருந்ததை மணலில் துடைத்தார். “அடைப்பான் போடாம வெளிக்கிட்டுட்டன் ராத்தா. நான்தான் பாக்கல்ல.”

 அந்தப் பக்கத்திலிருந்து வந்தது சிரிப்பு. மூதூரே கேட்டிருக்கும்.

“மீசை நரைச்சுப் போச்சு, அடைப்பான் இல்லாமக் கடலுக்குப் போயிரிக்கான்! அவ ஆரோ வீட்டுப் புள்ள, அவளக் கடல்ல தாட்டுட்டு வந்து நிப்பாய் போல! இஞ்ச கேளு, அந்தப் புள்ளைக்கு ஒண்டும் ஆகல்லயே?”

“எனக்கு ஒண்டுமில்ல மதினி” என்று நான் கத்தினேன்.

“நல்லா இரிக்கியா?”

“நல்லா இரிக்கன். கடல் நல்ல வடிவு மதினி.”

 “அப்பிடியா?” என்று கேட்டபோது மதினியின் குரல் வேறு மாதிரி இருந்தது. “நான் இந்தக் கரையிலதான் பொறந்தன். ஒரு நாளும் ஏறினதில்ல. எங்கட வாப்பா விடல்ல. சரி, பின்நேரம் வாங்க. வந்து என்னயும் ஒரு சுத்துச் சுத்திக் காட்டு. அடைப்பானப் போட்டுட்டு!”

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பிறகு அவர் மணலில் சாய்ந்து படுத்துக்கொண்டு, “அந்தப் பனைமரம் சொன்னனே, அது எங்க போய் நிண்டது தெரியுமா?” என்றார்.

பின்நேரம்வரை பேசினார். தார்ப்பாய் காற்றில் அடித்தது, கழுத்தெல்லாம் மணல், எனக்கு எழும்ப மனமில்லை. காலையில் ஒதுக்கி வைத்த அந்த வலியைத் தேடிப் பார்த்தேன். இவ்வளவு காலம் போய்விட்டதே என்று அது சொன்னது. ஓம், போய்விட்டது. இன்று போகவில்லை.

காற்று விழுந்ததும் மெல்ல மூதூருக்குப் போய்ச் சேர்ந்தோம். மதினி கரையில், அபாயாவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடி, அயல் பெண்களைக் கூட்டிக்கொண்டு நின்றார். புது அடைப்பான் ஒன்றை யாரோ மீனவரிடம் பிடுங்கியும் வைத்திருந்தார். அதை இவர் கையில் திணித்துவிட்டு, நெய்ச்சோறெல்லாம் பிறகு என்று, இரண்டு பேர் தோளைப் பிடித்துப் படகில் ஏறினார்.

குடாவில் ஒரு சுற்றுப் போனோம். மதினி வாயே மூடவில்லை. அது என்ன, இது என்ன, இந்தத் தண்ணி ஏன் இப்படி என்று கேட்டுக்கொண்டே வந்தார். என் கணவர் இயந்திரத்தின் பிடியைப் பிடித்துக்கொண்டு, “ஓம் ராத்தா”, “இல்ல ராத்தா” என்றார். அவ்வளவுதான். கப்பலுக்கு ஏசவில்லை, இயந்திரத்தை மகள் என்று கூப்பிடவில்லை. கடல்தான் அவரைப் பேச வைக்கிறது என்று நான் நினைத்திருந்தேன். கடல் அப்படியேதான் இருந்தது.

“பாத்தியா இவன” என்று மதினி என் பக்கம் திரும்பினார். “சின்ன வயசுலயும் இப்பிடித்தான், வாயத் தொறக்கமாட்டான். காலைலயிருந்து அந்த மணல்ல இவனோட எப்பிடி இருந்தாய் புள்ள?”

அவர் எங்கோ தூரத்தில் இருந்த எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

“என்ன செய்யிற மதினி” என்றேன். “பழகிட்டுது.”