கோபுரத்துக்கு ஒத்திகை

லிப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டால் வீட்டில் ஒத்திகை இல்லாமல் ஒன்றும் நடக்காது. புதுக் குக்கர் வந்தால்கூட, முதலில் வெறும் தண்ணீரை வைத்து விசில் அடிக்கவிட்டுத்தான் அரிசி போட விடுவார் என் வீட்டுக்காரர். அப்படிப்பட்ட மனுஷன் ஐரோப்பாவுக்குச் சுற்றுலா போவதென்றால் சும்மா இருப்பாரா?

போகிற ஊர் அங்கே ஒரு நாட்டின் பழைய தலைநகரம். ராஜா காலத்துக் கோட்டை, ஆற்றின் மேல் கல் பாலம், சதுக்கத்தின் நடுவில் மணிக்கூண்டுக் கோபுரம். இவருடைய மேனேஜர் குடும்பமும் நாங்களும் சேர்ந்து போவதாக ஏற்பாடு. சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரித்து, எந்த நாள் எந்தப் பக்கம் என்று இருவரும் கலர் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தோம். இவருடைய அக்கா, எனக்கு அண்ணி, தட்டைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"நானும் வரேன்டா. என் டிக்கெட்டை நானே பாத்துக்கறேன். அந்தக் கோபுரத்து உச்சியில ஒரு தடவை நின்னு பாக்கணும்."

பென்சில்கள் நின்றுவிட்டன.

அண்ணி தையல் மெஷினை மிதித்துத்தான் தம்பியைப் படிக்க வைத்தார். மிதித்து மிதித்தே முட்டி தேய்ந்தது. அவரை வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு எந்த வாய் இருக்கிறது? ஆனால் அண்ணி இருக்கிற இடம் சந்தைக்கடைதான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் இறங்குவதற்குள் சொந்தம் கொண்டாடிவிடுவார். மேனேஜர் மனைவியிடம், இவர் சின்ன வயதில் படுக்கையை நனைத்த கதையைச் சொல்லாமல் திரும்பமாட்டார். "மானம் கப்பலேறிடும்டி," என்று அறைக்குள் வந்து இவர் முணுமுணுத்தார். நான் மறுக்கவில்லை. எனக்கும் அதே பயம்தான்.

வெளியே போய் இவர் தேன் ஒழுகச் சொன்னார். "தாராளமா வாக்கா. ஆனா கோபுரத்துல அவ்வளவும் படி. லிப்ட் கிடையாது. ட்ரையல் பாக்காம நான் எதையும் ஒப்படைக்கறதில்ல, உனக்கே தெரியும். இந்த ஞாயித்துக்கிழமை ஏறிப் பாத்துடுவோம்."

அப்படித்தான் எங்கள் ஊர் அன்று காலை ஐரோப்பா ஆனது. ரயில் நிலைய நடைமேம்பாலம்தான் கல் பாலம். தபால் நிலையம்தான் கோட்டை. மணிக்கூண்டுக்கு, தம் பொறுப்பில் லிப்ட் ஓடும் வணிக வளாகத்தை இவர் ஒதுக்கியிருந்தார். அண்ணி புதுக் கேன்வாஸ் ஷூ போட்டு, தண்ணீர் பாட்டிலைக் குறுக்கே மாட்டிக்கொண்டு வந்தார். மேம்பாலத்தில் நின்று, கீழே போன சரக்கு ரயிலைக் காட்டி, "படகு போகுது பாருடா!" என்று கைதட்டினார். கோட்டை வாசலில் தபால் பெட்டியோடு தம்மைப் போட்டோ எடுக்கும்படி என்னிடம் சொன்னார். நான் எடுத்தேன். சிரிக்கவும் செய்தேன்.

வளாகத்துக்கு இவர் முன்னால் வேகமாகப் போய்விட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது லிப்ட் கதவில் 'வேலை செய்யவில்லை' என்ற பலகை தொங்கியது. காலையில் ஆணியிலிருந்து, லிப்டை நிறுத்தவும் ஓட விடவும் போடும் சாவியை எடுத்து இவர் பாக்கெட்டில் போட்டதை நான் பார்த்திருந்தேன். லிப்ட் ஓடினால் பாதியில் ஏறிக்கொள்ளத் தோன்றும். ஓடாவிட்டால் அண்ணியே இரண்டு மாடியில் கையெடுத்துக் கும்பிட்டு "என்னால ஆகாதுப்பா" என்று சொல்லிவிடுவார். யாரும் பொல்லாப்புக்கு ஆளாக வேண்டாம். எல்லாம் புரிந்தும் நான் வாயில் கொழுக்கட்டையோடு நின்றேன்.

அண்ணி கைப்பிடியைப் பிடித்து ஏறினார். மூச்சு வாங்கியது, ஆனால் நிற்கவில்லை. மூன்றாவது மாடித் திருப்பத்தில் ஒரு பெரியவர் ஊன்றுகோலைப் பக்கத்தில் போட்டுவிட்டுப் படியில் சாய்ந்து கிடந்தார். முழங்காலில் கட்டு. மேலே பிசியோதெரபி கிளினிக்குக்குப் போக வந்தவர்.

"இந்த லிப்ட் மெக்கானிக் மட்டும் என் கையில கெடச்சான்னா, தோலை உரிச்சுடுவேன்," என்றார்.

அண்ணி அவர் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். "அப்படிச் சொல்லாதீங்கய்யா. இதைப் பாத்துக்கறது எந்தம்பிதான். அவன் வேலையில ஒரு குறை சொல்ல முடியாது. இதோ நிக்கறானே!" பெருமையாக இவரைக் காட்டினார். "டேய், ட்ரையல் கெடக்கட்டும். மொதல்ல இவருக்கு லிப்டை ஓட விடு."

இவர் இறங்கிப் போனார். பெரியவர் பாட்டிலை மூடிக் கொடுப்பதற்குள் லிப்ட் எங்கள் முன்னால் வந்து திறந்தது.

"அதுக்குள்ளயா? நீ நல்லா இருப்பே தம்பி," என்று பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார். இவர் தரையைப் பார்த்தார்.

எல்லோரும் லிப்டில் ஏறினோம். பெரியவர் தம் மாடியில் இறங்கிக்கொண்டார். கதவு மூடியது. இவர் கையில் ஸ்பேனர் இல்லை, ஸ்க்ரூடிரைவர் இல்லை, ஒற்றைச் சாவிதான். தம்பி வேலை பார்க்கும் இடங்களுக்கெல்லாம் சாப்பாடு கொண்டுபோன அண்ணிக்கு அந்தச் சாவி என்ன செய்யும் என்று தெரியும். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வராதக்கான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமேடா. அந்த மனுஷன் உனக்கு என்ன பண்ணினாரு?"

பிறகு என் பக்கம் திரும்பினார். "உனக்கும் தெரியுமாம்மா?"

அண்ணி கூட வந்தால் அவமானம் என்று நினைத்தவள் நான். அவமானம் எப்படி இருக்கும் என்று அந்தச் சின்னப் பெட்டிக்குள் நின்றபோதுதான் தெரிந்தது.

மொட்டைமாடியில் லிப்ட் நின்றது. அண்ணி வெளியே போய்க் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஊரைப் பார்த்தார். திரும்பாமலே கேட்டார்.

"அந்தக் கோபுரத்துல நெஜமாவே லிப்ட் இல்லையாடா?"

அந்தக் கோபுரத்து லிப்டின் வீடியோவை இவர் எனக்கு எத்தனை தடவை போட்டுக் காட்டியிருக்கிறார்! அதைப் பார்க்கத்தான் அந்த ஊருக்கே போகிறோம் என்றுகூடச் சொல்லியிருக்கிறார்.

"இருக்குக்கா," என்றார் இவர். "கண்ணாடி லிப்ட். உச்சி வரைக்கும் போகும். நீ வாக்கா. கண்டிப்பா வரணும்."

அண்ணி குனிந்து ஷூவைக் கழற்றினார்.

"புதுசு. கடிக்குது," என்றார்.

இவர் லிப்ட் கதவை மூடவிடாமல் கையால் தடுத்துக்கொண்டு நின்றார். அண்ணி ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து, படி வழியாகவே இறங்கிப் போனார்.