எருமை தின்ற கிரயம்

செல்போனில் வருகிற அழைப்புக்குக் காசு கிடையாது என்று ஆன வருஷம், தை மாதக் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கக் கொடுத்திருந்தான் மண்ணாங்கட்டி. திருவொற்றியூர் தேரடிப் பக்கத்து அச்சகக்காரர் எல்லாவற்றையும் கோத்துவிட்டு, ஓர் இடத்தை மட்டும் காலியாக விட்டுத் தாளை நீட்டினார். மணமகள் யசோதரா, வியாசர்பாடி. அவளைப் பெற்றவர்களின் பெயர் பளிச்சென்று இருந்தது. மணமகன் பெயருக்கு மேலேதான், நாற்பதடி டிரெய்லரை ரிவர்ஸ் எடுத்துத் திருப்புகிற அளவுக்கு வெள்ளை.

"யாரு புள்ளன்னு போடட்டும் நைனா? சொன்னா ஓட்டிடுவேன்."

"ஞாயித்துக்கெழம தெரிஞ்சிடும்ணே."

அச்சகக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தார். முப்பது வயசு, ஆறடி உயரம், இரண்டு பேருக்குப் பங்கு வைக்கிற அளவுக்கு மீசை. யார் பிள்ளை என்பது மட்டும் ஞாயிற்றுக்கிழமைதான் தெரியுமாம்.

உலகத்தில் எல்லாப் பிள்ளைகளையும் "உன்னத் தவுட்டுக்குத்தான் வாங்கினோம்" என்று சொல்லி அழவைப்பார்கள். மண்ணாங்கட்டியை மெய்யாலுமே வாங்கினார்கள். அவனைப் பெற்ற சிவந்திக்கு அதற்கு முந்தின இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதற்கு எமன் ஆசைப்படக்கூடாது என்று மண்ணாங்கட்டி என்று பெயர் வைத்தாள். அதுவும் போதாது என்று, விம்கோ நகர் ரயில் பாதையோரம் எருமை வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்த பட்டம்மாளுக்கு ஒரு படி தவிட்டுக்குப் பிள்ளையை விற்றாள். எமன் வந்து கேட்டால், 'என்னுது இல்லப்பா, வித்தாச்சு' என்று கையை விரித்துவிடலாம். பட்டம்மாள் தவிட்டை அளந்து கொடுத்து, பிள்ளையை வாங்கி மடியில் போட்டு, ஒரு முத்தம் கொடுத்து, பெற்றவளிடமே பால் குடிக்கத் திருப்பிக் கொடுத்தாள். அவ்வளவுதான் சடங்கு.

எமன் ஏமாந்துதான் போனான். ஆனால் பிள்ளைக்கு நாலு வயசாகும்போது, ஒரே மழைக்காலத்துக் காய்ச்சலில் சிவந்தியும் அவள் புருஷனும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். துக்கம் கேட்க வந்த பட்டம்மாள், மூலையில் உட்கார்ந்திருந்த பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "நான் வாங்குன பொருளு, நான் எடுத்துகினு போறேன்" என்று நடந்தவள்தான். புருஷனை எப்போதோ இழந்தவள். பிள்ளை குட்டி கிடையாது.

சிவந்தியின் ஓட்டு வீட்டில் அவள் கொழுந்தன் வேலப்பன் தங்கிவிட்டான். தீப்பெட்டிக் கம்பெனியில் ஷிப்டு வேலை, கல்யாணமில்லாத ஆள். அன்றைக்குப் பிடித்தது சண்டை. எண்ணூர் பக்கத்து ஆலைச் சங்குகள்கூட ஸ்ட்ரைக் நாளில் ஊதாமல் இருந்திருக்கின்றன. இந்தச் சண்டை ஒரு நாளும் லீவு எடுத்ததில்லை.

"உங்க அண்ணன் புள்ளைக்கு நான் சோறு போட்டுகினு கீறேன். வளக்குற செலவுக்கு வழி பண்ணு, வூட்டையும் புள்ள பேருக்கு வுடு" என்பாள் பட்டம்மாள்.

"வித்த புள்ளைக்கு வூட்ல இன்னா பங்கு கீது? உன் புள்ளைய நீ வளக்குற, என்னாண்ட இன்னாத்துக்குக் கணக்குச் சொல்ற?" என்பான் வேலப்பன்.

அவள் செலவு கேட்கும் நாளில் மண்ணாங்கட்டி வேலப்பனின் அண்ணன் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் பெயர் கொடுக்கும் நாளில் அவள் பிள்ளை. வேலப்பனும் லேசுப்பட்டவன் இல்லை. கபடியில் மண்ணாங்கட்டி கப்பு ஜெயித்தால் "எங்க வம்சம்" என்பான். அதே பிள்ளை பக்கத்து வீட்டு ஜன்னலை உடைத்தால் "அது யாருதோ, பட்டம்மாளைக் கேளு" என்பான்.

வளர்ப்புக்கென்று அவன் ஒரு பருக்கை கொடுத்ததில்லை. கொடுத்தால் கேஸ் தோற்றுப்போகும் அல்லவா? அதனால் டீக்கடையில் பன் வாங்கிப் பெஞ்சின்மேல் 'மறந்து' வைத்துவிட்டுப் போவான். மண்ணாங்கட்டி பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம் பார்த்துத்தான் அந்த மறதி வரும். அப்படி மறந்த பன்களை அடுக்கினால் எண்ணூர் முகத்துவாரத்துக்கு ஒரு பாலமே கட்டியிருக்கலாம். மழைக்கு முன்னால் வருஷா வருஷம் கூரையேறி ஓடு மாற்றுவான். "ஏண்டா, அடுத்தவன் வூட்டுக்கு ஓடு மாத்துற" என்று யாராவது கிண்டினால், "ஒழுவுனா நான்தான நனையறேன்" என்று கீழே பார்க்காமல் சொல்வான்.

மண்ணாங்கட்டிக்கு இரண்டு பேர் மேலும் கோபமில்லை. அவன் ஹார்பருக்குக் கண்டெய்னர் ஓட்டுகிறவன். எண்ணூர் ரோட்டில் ஹார்பருக்குக் காத்திருக்கிற லாரிக் கியூவில் நின்றவர்களுக்குத் தெரியும்: மணலியில் மழமழவென்று சவரம் செய்துகொண்டு கிளம்பினவன், ராயபுரம் கேட்டுக்குள் நுழைவதற்குள் சாமியாராகிவிடுவான். அப்படி நின்ற நேரங்களில் அவன் யோசித்துப் பார்த்திருக்கிறான். ஒருத்தி வளர்த்தாள், ஒருத்தன் வீட்டை விழாமல் பார்த்துக்கொண்டான். யாரைக் குறை சொல்வது?

ஆனால் இப்போது கல்யாணம். பட்டம்மாளின் வாடகை அறையில் இரண்டு பேர் படுத்தால் மூன்றாவது ஆள் நின்றுகொண்டுதான் தூங்கவேண்டும். பத்திரிகையில் பட்டம்மாள் மகன் என்று போட்டால், "பாத்தியா, அவனே ஒத்துக்கினான்" என்று வீட்டை வேலப்பன் எடுத்துக்கொள்வான். சிவந்தி மகன் என்று மட்டும் போட்டால், வளர்த்தவளுக்குப் பத்திரிகையில் இடமில்லை. வீடா, அம்மாவா என்று வந்து நின்றது.

"வூடு வாங்குடா, கஸ்மாலம். பேர வெச்சிகினு நான் இன்னா செய்யப்போறேன்? நாக்கு வழிக்கவா?" என்றாள் பட்டம்மாள். சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் பாத்திரத்தைத் தேய்த்தாள். ஏற்கெனவே தேய்த்த பாத்திரம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே பேச்சுக் கூடியது. அந்த வரிசையில் யாரிடமும் பத்திரம் கிடையாது. கரண்ட் கார்டும் தெருவின் வாயும்தான் பத்திரம். தெரு ஒன்று சொல்லிவிட்டால், அப்புறம் அதுதான் வீடு. பேச வந்தவர் ஞானம். ஹார்பரில் கிரேன் ஓட்டி ரிடையர் ஆனவர். எதையும் ஒரே தூக்காகத் தூக்கி ஒரு பக்கம் வைத்துத்தான் அவருக்குப் பழக்கம். நடுவில் தொங்கவிட்டு வேடிக்கை பார்க்கிற ஆள் இல்லை. யசோதராவும் வந்திருந்தாள். வண்ணாரப்பேட்டையில் ஜவுளிக்கடையில் நிற்கிறவள். நாள் முழுக்க அடுத்தவர் பேரத்தைக் கேட்டுக்கொண்டிருப்பது அவள் தொழில்.

"ஒரே பேச்சு" என்றார் ஞானம். "இவன் வித்த புள்ளயா, விக்காத புள்ளயா? வித்ததுன்னா வூடு வேலப்பனுக்கு. விக்கலன்னா வூடு இவனுக்கு, வளத்த செலவும் வேலப்பன் பட்டம்மாவுக்குக் குடுக்கணும். இன்னா சொல்றீங்க?"

"வித்ததுதான். தெருவே பாத்துச்சு" என்றான் வேலப்பன்.

"அது சாங்கியத்துக்கு வாங்குனது" என்றாள் பட்டம்மாள்.

"சாங்கியமோ சங்கீதமோ, தவுடு நெசத் தவுடா இல்லியா? நீ அளந்து குடுத்த, அண்ணி மடியில வாங்குனாங்க. உண்டா இல்லியா யக்கா?"

"உண்டு."

"வெல குடுத்தாச்சு, பொருள் கைமாறிடுச்சு. அப்பாலிக்கா இன்னா?"

பட்டம்மாளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. திட்ட மட்டும்தான் தெரியும். அன்றைக்கு அதுவும் வரவில்லை. ஞானம் கிரேன் திருப்புகிற மாதிரி வேலப்பன் பக்கம் மெல்லத் திரும்பினார். வீடு போனால் போகட்டும், பத்திரிகையில் இனி அம்மா பெயரைத் தைரியமாகப் போடலாம் என்று மண்ணாங்கட்டிக்கு ஒரு கணம் நிம்மதிகூட வந்தது. பட்டம்மாளின் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது.

அந்த நேரம் டீ வந்தது. டீ குடிக்காமல் தீர்ப்புச் சொன்னால் வாய் கசக்கும் என்று ஞானம் கிளாசை எடுத்தார். யசோதரா வேலப்பனிடம் கிளாசை நீட்டியபோது, அவன் சிரிப்பில் முன்பல் ஒன்று இல்லாததைப் பார்த்தாள்.

"பல்லு இன்னா ஆச்சு மாமா?"

தெரு மொத்தமும் ஒரு பெருமூச்சு விட்டது. வேலப்பனின் பல் கதை தெரியாதவர்கள் அங்கே தெருநாய்கள்கூட இல்லை. பட்டம்மாளின் எருமை உதைத்துப் போன பல் அது. முதலில் அது சாதா எருமையாக இருந்தது. வருஷத்துக்கு ஓரடி வளர்ந்து, இப்போது அது குறுக்கே நின்றால் கும்மிடிப்பூண்டி யூனிட் ரயில் ஹாரன் அடிக்காமல் பின்வாங்கும். உதையும் அப்படித்தான். ஆரம்பத்தில் வேலப்பன் சாணிக் குழியில் விழுந்தான். பிறகு ரயில் பாதையைத் தாண்டி விழுந்தான். கடைசியாகச் சொன்னபோது எர்ணாவூரில் போய் இறங்கினான்.

புதுக் காது கிடைத்த சந்தோஷத்தில் வேலப்பன் டீயைக் கீழே வைத்தான். "அத்த இன்னான்னு சொல்றது போ. அப்ப எனுக்குக் கட்டுமஸ்தான ஒடம்பு. எரும கிட்ட போறேன். கண்ணு ரெண்டும் லாரி லைட்டு மாரி…"

"எரும கிட்ட இன்னாத்துக்கு மாமா போன?"

இத்தனை வருஷத்தில் இதை யாரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் உதைக்குப் போகிற அவசரம்.

"தவுடு வெக்கத்தான். சும்மா போவனா? அண்ணிதான் குடுத்து அனுப்ச்சாங்க. 'டேய் வேலு, இது வூட்ல கீற வரிக்கும் எனுக்குச் சோறு எறங்கல. நெசமாலுமே புள்ளைய வித்துட்ட மாரி கீது. பட்டு இல்லாத நேரம் பாத்து அவ எரும வாயில கொட்டிட்டு வந்துடு'ன்னாங்க. ஒரு பிடி கீழ சிந்தாம வெச்சேன். சுத்தமா துன்னுட்டு, துன்ன வாசனகூட போவல, வுட்டுச்சு பாரு ஒரு ஒத, அப்டியே நான் மேல போறேன், மேல போறேன்…"

மேலே போனவன் இறங்குவதற்குள் தெரு அமைதியாகிவிட்டது. வேலப்பன் அந்தரத்திலிருந்தே எல்லோர் முகத்தையும் பார்த்தான். எர்ணாவூர் வரைக்கும் போகவில்லை, பாதியிலேயே இறங்கினான்.

ஞானம் கிளாசை வைத்தார். "அப்ப கிரயம் அன்னிக்கே திரும்பிப் போயிடுச்சு."

"எரும துன்னுது" என்றான் வேலப்பன், ஈனமாக.

"எரும யாருது?"

பட்டம்மாள் தலையில் கைவைத்துக்கொண்டாள். "ஐயோ, அன்னிக்கு அது மூஞ்செல்லாம் தவுடு. என் மூட்டையத்தான் நோண்டிடுச்சுன்னு தொடப்பக்கட்டையால சாத்துனேனே. வாயில்லா ஜீவன், சொல்லவும் தெரியாம வாங்கிகிச்சே." செத்துப் பல வருஷமான எருமைக்காக அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பக்கத்தில் இருந்த பெண்களும் எதற்கும் இருக்கட்டும் என்று துடைத்தார்கள்.

மண்ணாங்கட்டி எழுந்து சித்தப்பாவின் முன்னால் போய்க் குந்தினான். அவனுக்கு அம்மா என்றால் ஓர் ஈரக்கையும் ஒரு முந்தானை நுனியும்தான். அவள் குரல் ஞாபகமில்லை. அவள் சொன்னதாக ஒரு வார்த்தைகூட இதுவரை அவனிடம் இல்லை.

"இன்னொரு தபா சொல்லு சித்தப்பா. எருமைய வுடு. அம்மா சொன்னத்த மட்டும் சொல்லு."

வேலப்பன் சொன்னான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றையும் பெருக்காமல், ஓரடி கூட வளர்க்காமல், அண்ணி சொன்னதை அப்படியே சொன்னான். சொல்லி முடித்ததும் டீ ஆறியிருந்தது.

ஞானம் கிரேனைத் திருப்பினார். "வூடு மண்ணாங்கட்டிக்கு. வெச்சாச்சு, இனிமே தூக்க மாட்டேன். இப்ப வளத்த செலவு."

வேலப்பனுக்கு முகம் வெளுத்தது. பட்டம்மாள் கையை ஆட்டினாள். "அந்தப் பேச்ச வுடு அண்ணே. என் புள்ளைக்குச் சோறு போட்டதுக்கு நான் எவங்கிட்ட…" என்றவள் நிறுத்திக்கொண்டாள். என் பிள்ளை என்று சொல்ல அவளுக்கு இனி ஆதாரம் கிடையாது. அதை எருமை தின்றுவிட்டது.

மண்ணாங்கட்டி சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். மார்க்கெட் பக்கத்து மாட்டுத் தீவனக் கடையிலிருந்து தவிட்டோடு வந்தான். பையைப் பட்டம்மாளின் மடியில் வைத்துவிட்டு, வேலப்பனுக்கு எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"சித்தப்பா, அம்மா அப்பா இல்ல. எனுக்குப் பெரியவன் நீதான். என்ன இவங்களுக்கு வித்துடு."

வேலப்பன் தவிட்டுப் பையைப் பார்த்தான். பிறகு அவன் கண்ணில் பழைய வெளிச்சம் வந்தது. வீடு போன துக்கமெல்லாம் பறந்து, விற்கிறவன் என்ற மிடுக்கில் வேட்டியை இறுக்கினான்.

"அன்னிக்கி அது முழங்கை அளவு புள்ள, ஒரு படி சரி. இன்னிக்கி ஆறடி, ஹெவி லைசென்சு கீது, கட்டிக்கப் பொண்ணு ரெடியா கீது. ஒரு படிக்கு வராது யக்கா."

"நான் வளத்து ஆளாக்குனத எங்கிட்டயே வெல ஏத்துறியாடா, சோமாரி?"

"ரெண்டு படி."

"ஒண்ணர. அதுக்கு மேல உன் வம்சத்துக்கே பெறாது."

"குடுத்துடு மாமா" என்றாள் யசோதரா. "ஓரத்துல கொஞ்சம் டேமேஜ் கீது. நானே தள்ளுபடியிலதான் எடுக்குறேன்."

பட்டம்மாள் தவிட்டை அளந்து போட்டாள். வேலப்பன் துண்டில் வாங்கி முடிந்தான். ஆறடி ஆள் மடியில் உட்கார முடியாது என்பதால் மண்ணாங்கட்டி தரையில் உட்கார்ந்து தலையை மட்டும் அவள் மடியில் வைத்தான். அவள் அவன் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். கொடுத்த கையோடு மண்டையில் ஒரு தட்டும் தட்டினாள்.

"சித்தப்பா, உன் பெட்டி அசைய வேணாம்" என்றான் மண்ணாங்கட்டி, படுத்தபடியே. "முன் ரூம் உன்னுது. நீ ஓடு மாத்தலன்னா இன்னிக்கிப் பேச வூடே இருந்திருக்காது. பன்னுக்கும் சேத்துதான் சொல்றேன்."

"எந்தப் பன்னு? எனுக்கு ஒண்ணும் தெரியாது" என்று வேலப்பன் தொட்டியைப் பார்த்தான்.

"இன்னா வேணா தெரியாம போட்டும்" என்றாள் பட்டம்மாள். "இந்தத் தவுட்ட எந்த எரும வாயிலயாவது கொட்டுன, மிச்சம் கீற பல்லும் உனுக்கு இருக்காது."

மறுநாள் அச்சகத்தில் வெள்ளை இடம் நிரம்பியது: சிவந்தி, பட்டம்மாள் ஆகியோரின் குமாரன். அதற்குக் கீழே, விற்றவர் என்று தன் பெயரும் வரவேண்டும் என்று வேலப்பன் ஒற்றைக் காலில் நின்றான். அப்படியொரு வழக்கம் கிடையாது என்று அச்சகக்காரர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கடைசியில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதில் அவனைச் சேர்த்து, அனுப்பிவைத்தார்.

தவிட்டு முடிச்சு முன் அறை ஆணியில் தொங்கியது. விம்கோ நகரில் அப்போது எருமையே இல்லை. இருந்தாலும் வேலப்பன் ஜன்னலைச் சாத்தியே வைத்தான். கல்யாணத்துக்கு வந்தவர்களிடம் பேரத்தை விவரித்தபோது ஒன்றரைப் படி ஒரு மூட்டை ஆகியிருந்தது. சித்திரைக்குள் அது லாரி லோடு ஆனது. அதற்கப்புறம் யசோதராவைத் தேடி வந்த சொந்தக்காரர் ஒருவரிடம், "ஒரு கண்டெய்னர் தவுடு சார், ஹார்பர்லேர்ந்து எறக்குனோம்" என்றான்.

அவர் நம்பாமல் மண்ணாங்கட்டியைப் பார்த்தார்.

"ஆமா சார்" என்றான் மண்ணாங்கட்டி. "நான்தான் ஓட்டிகினு வந்தேன்."