நடு ஏரியில் நின்ற கரடி

குழந்தைகள் வார்டில் அவளுக்கு ஊதக்கா என்று பெயர். அறைக் கதவில் சுவாசப் பயிற்சி நிபுணர் என்று அழகாக எழுதி ஒட்டியிருக்கிறார்கள், யார் படிக்கிறார்கள்? வார்டுக்குள் நுழைந்ததும் அவள் சொல்கிற முதல் வார்த்தை "எங்கே, ஊது பாக்கலாம்!" என்பதுதான். பிள்ளைகள் சும்மா விடுவார்களா, வைத்துவிட்டார்கள். தான் அந்தப் பக்கம் திரும்பியதும் நர்ஸுகளும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்பது அவளுக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வாள்.

முன்பெல்லாம் ஒரு பிள்ளையை ஊத வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். நெஞ்சு வலியோடு படுத்திருக்கும் பிள்ளையிடம் போய் மூச்சை இழுத்து ஊது என்றால் அது ஊதுமா? சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளும். ஊதினால் வலிக்கும் என்று அதற்குத் தெரியும். ஊதாவிட்டால் நுரையீரல் விரியாது என்று இவளுக்குத் தெரியும். கெஞ்சியும் கொஞ்சியும் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

அப்படி இருந்தபோதுதான் வார்டுக்கு அந்தப் போன் வந்தது. கூடவே, கம்பி இல்லாமல் அதோடு பேசிக்கொள்ளும் விரல் நீள ஊதுகுழல் ஒன்றும் வந்தது. குழலில் ஊதினால் திரையில் ஒரு படகு நகரும். படகில் பெட்டியும் கையுமாக ஒரு கரடி. ஒரே மூச்சில் நன்றாக ஊதினால் கரடி அக்கரையில் இறங்கித் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்லும். பாதியில் மூச்சு நின்றால் படகும் நின்றுவிடும், கரடி நடு ஏரியில் நின்றுகொண்டு "ஐயோ குளிருதே, யாராவது ஊதுங்களேன்!" என்று ஒப்பாரி வைக்கும். அதைக் கேட்கச் சகிக்காமல் பிள்ளைகள் ஊதினார்கள். ஊதியதெல்லாம் கோடும் வளைவுமாக ஊதக்காவின் மேசைக் கணினியில் வந்து நின்றது.

இந்தப் போனை வாங்க அவள் பெரிய டாக்டரோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. "இது ஆஸ்பத்திரியா, பொம்மைக் கடையா?" என்று கேட்ட மனுஷன் அவர். ஆனால் ஒரு தடவை நம்பிவிட்டார் என்றால் அப்புறம் அவர் நம்பிக்கைக்கு அணை போட முடியாது. இப்போது காலையில் காபி குடிக்கும் முன்னால் கரடி எங்கே நிற்கிறது என்றுதான் பார்க்கிறார்.

ஜன்னலோரக் கட்டிலில் ரேடியோ இருந்தாள். பத்து வயது. தூங்கும்போது மட்டும் வாய் மூடுகிற பெண்ணுக்கு வார்டு வைத்த பெயர் அது. நிமோனியா முற்றி, நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டி, விலா இடுக்கில் குழாய் போட்டு எடுத்தார்கள். குழாய் உள்ளே இருந்த நாட்களில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அது தாங்காமல் எதிர்க் கட்டில் பையன்கூட அழுதுவிட்டான். குழாயை உருவிய அன்று ஆரம்பித்தவள்தான், இன்னும் ஓயவில்லை.

"அந்தக் குழாய மட்டும் மறுபடி போட்டீங்க, அப்புறம் நான் இங்க யார்கூடவும் பேசமாட்டேன். சொல்லிட்டேன்" என்று வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் எச்சரிக்கை விட்டிருந்தாள்.

அந்தக் குழாய்தான் இப்போது திரும்பி வரப் பார்த்தது.

"காலையில ஜோரா ஊதறா. சாயங்காலம் ஆனா அதுல பாதிகூட இல்ல" என்றார் பெரிய டாக்டர், திரையில் விரலால் தட்டிக்கொண்டே. "நாலஞ்சு நாளா இதே கதை. எக்ஸ்ரேலயும் அடியில லேசா நிழல் தெரியுது. மறுபடி சேருதுன்னு நெனக்கிறேன்."

"ஆறும்போது நிழல் கொஞ்ச நாள் இருக்கத்தானே செய்யும் டாக்டர்?"

"நிழல் மட்டும்னா நானும் விட்டிருப்பேன். உங்க கரடியும் சேர்ந்துல்ல சொல்லுது? நாளைக்குக் காலையில ஸ்கேன் பண்ணிட்டுக் குழாயப் போட்டுடலாம்."

உங்க கரடி! ஊதக்காவுக்குத் தன் கையாலேயே தன் கண்ணைக் குத்திக்கொண்ட மாதிரி இருந்தது. அந்தக் கணக்கு வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவளே அவள்தானே.

"இன்னிக்குச் சாயங்காலம் நானே பக்கத்துல இருந்து ஊத வெச்சுப் பாக்கறேன். அதுக்கப்புறம் முடிவு பண்ணுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். மாலை நேரத்தில் வார்டில் என்ன நடக்கிறது என்று அவள் பார்த்ததில்லை. அவள் வேலை நேரம் அதற்குள் முடிந்துவிடும். போன் பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருந்தாள்.

விஷயத்தைக் கேட்ட ரேடியோவின் அம்மா வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, ஒன்றும் நடக்காதவள் போல் மகளுக்குத் தலை பின்னிவிட்டாள். சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய்க் கைக்குழந்தையைப் பார்க்க வேண்டும். மாவு மில்லிலிருந்து புருஷன் வந்ததும் ஆள் மாறுவார்கள். மில்லுக்குப் போன் போட்டு, "என்னங்க, மறுபடி குழாய் போடப்போறாங்களாம். பாப்பாகிட்ட மூச்சு விட்டுடாதீங்க" என்றாள்.

விளக்குப் போடுகிற நேரத்துக்கு ஊதக்கா வார்டுக்குத் திரும்பினாள். ஜன்னலோரக் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்து விடப்பட்டிருந்தது. உள்ளே கரடி புலம்பிக்கொண்டிருந்தது. "ஐயோ குளிருதே, யாராவது ஊதுங்களேன்!" பிறகு ஒரு பெருமூச்சு, இருமல், மறுபடியும் கரடியின் புலம்பல். குழந்தை இவ்வளவு திணறுகிறதா?

திரையை விலக்கினாள்.

ரேடியோ கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் அப்பாவின் போனை வைத்து, வாய் பிளந்து கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து ஸ்டூலில் புருவமெல்லாம் மாவாக அவள் அப்பா. வாயில் ஊதுகுழல். கன்னம் உப்பி, முகம் சிவந்து, ஒரு கையால் கரடியைப் பார்த்து "இரு, இரு" என்று ஜாடை காட்டிக்கொண்டிருந்தார்.

ஊதக்காவைக் கண்டதும் குழல் வாயிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. மனுஷன் திருதிருவென்று விழித்தார். அவள் இன்னும் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் ரேடியோ முந்திக்கொண்டாள்.

"எங்கப்பா ஒண்ணும் ஊதலக்கா!"

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பதை இவளைவிட அழகாக யாரும் சொல்லிவிட முடியாது.

"எத்தனை நாளா நடக்குது இது?" என்று இடுப்பில் கை வைத்தாள் ஊதக்கா.

"நாலஞ்சு நாளாத்தான் மேடம்" என்றார் அப்பா, எழுந்து நின்று. "பாப்பாதான் சொன்னா. இந்தப் போன உனக்குத் தரேன், உன் போன எனக்குக் குடுன்னு... வெளையாட்டுதானேன்னு நெனச்சேன். இதுல கணக்கு எல்லாம் ஏறுதுன்னு எனக்கு எங்க தெரியும்?"

"நீதானேப்பா கேட்ட! கரடி பாவம், ஒரு தடவ நான் ஊதறேன்னு நீதான் கேட்ட."

"சரி, நான்தான் கேட்டேன்."

"வாயில வெச்சுக்கிற குழல் சார் அது, குழந்தைக்குன்னு தனியா குடுத்தது!"

"கழுவிட்டுத்தான் வெச்சேன் மேடம்."

"ரொம்பப் பெரிய மனசு உங்களுக்கு!"

கோபத்தில்தான் சொன்னாள். ஆனால் சொல்லும்போதே உள்ளே ஏதோ உடைந்து சிரிப்பாகப் பொங்கியது. மாலைக் கணக்கு முழுக்க இந்த ஆளுடையது! அப்படியானால் குழந்தைக்கு ஒன்றும் இல்லை. பெட்டியைத் திறந்து புதுக் குழல் ஒன்றை மாட்டி ரேடியோவிடம் கொடுத்தாள். "எங்கே, ஊது பாக்கலாம்."

ரேடியோ கார்ட்டூனிலிருந்து கண்ணை எடுக்காமலே ஊதினாள். படகு சர்ரென்று போய் அக்கரையில் முட்டியது. கரடி தொப்பியைத் தூக்கியது. இன்னொரு தடவை ஊதச் சொன்னாள், அதே வேகம். ஊதக்காவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்த இடத்திலேயே பெரிய டாக்டருக்குப் போன் போட்டு, நடந்ததைச் சொன்னாள். அந்தப் பக்கம் அவர் சிரித்த சிரிப்பு பக்கத்துக் கட்டில்வரை கேட்டது. குழாய் வேண்டாம், நிழலை ஒரு வாரம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம், நாளை மறுநாள் வீட்டுக்கே போகலாம் என்றார்.

குழாய் என்ற பேச்சு இருந்ததே ரேடியோவுக்கு அப்போதுதான் தெரிந்தது. "குழாயா? எந்தக் குழாய்? யார் சொன்னது?" என்று அவள் ஆரம்பிக்க, வார்டே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது. சுவரில் கை ஊன்றிக்கொண்டு, குனிந்து, இருமி முடிக்க அவருக்கு வெகு நேரம் பிடித்தது.

ஊதக்காவின் சிரிப்பு நின்றது அப்போதுதான்.

மாலைக் கணக்கை மனசுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தாள். பத்து வயதுப் பெண், அதுவும் நோயில் அடிபட்டு எழுந்தவள், ஊதுவதில் பாதி. வளர்ந்த ஆம்பளை ஊதினால் இரண்டு மடங்கு போக வேண்டும். அந்தக் கணக்கு பொய் சொல்லவே இல்லை. ஆளைத்தான் டாக்டரும் அவளும் மாற்றிப் பார்த்துவிட்டார்கள்.

"அண்ணே, உக்காருங்க" என்றாள். சார் போய் அண்ணன் வந்ததை அவளே கவனிக்கவில்லை. "மாடிப்படி ஏறினா எப்படி இருக்கு?"

"படி எங்க ஏறறேன், லிஃப்ட்தான்."

"முன்ன ஏறுவீங்களா?"

"முன்ன மூட்டையோட ஏறுவேன்."

"இருமல்?"

"அது மில் இருமல் மேடம். அங்க எல்லாருக்கும் உண்டு." குரலைத் தணித்துக்கொண்டார். "உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. எனக்குப் போன்லதான் கோளாறுன்னு தோணுச்சு. பாப்பா ஊதினா போகுது, நான் ஊதினா நடுத்தண்ணியில நின்னுடுது. மூட்டை தூக்குற ஆளு மூச்சுல போகாத படகான்னு ரோஷம். அதான் தெனமும் விடாம ஊதிப் பாத்தேன். இன்னிக்கு வரைக்கும் அந்தக் கரடிய ஒரு தடவகூட நான் கரை சேக்கல."

ஊதக்கா அவர் முகத்தைப் பார்க்காமல், பெரியவர்களுக்கான அளவுக் கருவியை வெளியே எடுத்தாள். ஊதினார். முள் கொஞ்சம் எழும்பி விழுந்தது. மறுபடி ஊதச் சொன்னாள். அவளுக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது.

"நாளைக்கே பெரியவங்க கட்டடத்துல காட்டணும். மாவுத் தூசு உள்ள போய்ப் போய் மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கும்னு நெனக்கிறேன். இப்பவே பாத்தா நிறைய மீட்கலாம், மில்லுல மூக்கு மறைக்காம இனிமே நிக்கக் கூடாது. தள்ளிப் போட்டீங்கன்னா என்னால நல்ல வார்த்தை சொல்ல முடியாது."

"எனக்கென்ன மேடம், கல்லு மாதிரி இருக்கேன். பாப்பா மொதல்ல வீட்டுக்குப் போகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்பா."

ரேடியோ கார்ட்டூனை நிறுத்தியிருந்தாள். போனைக் கட்டிலில் வைத்துவிட்டு இறங்கி வந்து அவர் முன்னால் நின்றாள்.

"நாளைக்கு நீ போற. நானும் வரேன்."

மூட்டை தூக்குகிற அந்த ஆள் மகளைப் பார்த்தார், ஊதக்காவைப் பார்த்தார், மறுபடி மகளைப் பார்த்தார். கல் எல்லாம் எங்கே போயிற்றோ, குரல் இறங்கிவிட்டது.

"ஊசி கீசி போடுவாங்களா பாப்பா? வலிக்குமா?"

வலிக்காது என்று சொல்ல ஊதக்கா வாயெடுத்தாள். இத்தனை வருஷப் பழக்கம், நாக்கு தானாகவே அதற்குத் தயாராகிவிடும். ரேடியோ விடவில்லை.

"வலிக்கும்பா" என்றாள். "எங்கிட்ட எல்லாரும் வலிக்காதுன்னாங்க, பொய். வலிக்கும். கத்தணும்னா கத்து, யாரும் திட்ட மாட்டாங்க. நான் கையப் புடிச்சுக்கறேன்."

அவர் கையை அப்போதே நீட்டிவிட்டார்.